நமது தீவை வரைந்தவர்கள் யாரிடம் கேட்டார்கள்?

  கொஞ்சம் நீளமான பதிவு. வேலைகளை முடித்துவிட்டு இரவு ஆறுதலாக வாசியுங்கள்.

ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்த பிறகு உலகப் படங்களையும் அச்சடிக்கத் தொடங்கினார்கள். 1477 இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரிலும், 1478 இல் உரோமிலும், 1482 இல் ஜேர்மனியின் உல்ம் நகரிலும் ஒரே நூல் படங்களோடு அச்சானது. அது தொலமியின் புவியியல் நூல். வழக்கமாக அதில் ஐரோப்பாவுக்கு 10 படங்கள், ஆபிரிக்காவுக்கு 4, ஆசியாவுக்கு 12. ஆசியாவின் பன்னிரண்டாவது படத்தில், அதாவது கடைசிப் படத்தில், ஒரே ஒரு தீவுதான் இருக்கிறது. தாள் நிறைய அந்தத் தீவுதான். பெயர் தப்ரபேன். அது நாம் இருக்கிற இலங்கை.

இதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தை நமது வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். தொலமி நமது தீவை அதன் உண்மையான அளவைப்போல ஏறத்தாழ 14 மடங்கு பெரிதாக்கிவிட்டார். பூமத்திய ரேகையையும் தாண்டித் தெற்கே இழுத்துவிட்டார். மறுபக்கத்தில் இந்தியாவின் தென்முனையைக் காணவில்லை. குமரி வரை நீண்டு இறங்கும் அந்த முக்கோணம் தட்டையாகி, கரை கிழக்கு மேற்காகக் கோடு போட்டது போல ஓடுகிறது. யானைக்குப் பக்கத்தில் முயல் படுத்திருப்பது போல, இலங்கைக்குப் பக்கத்தில் இந்தியா.

தொலமி முட்டாள் அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த பெரிய கணித அறிஞர். ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு அகலாங்கும் நெட்டாங்கும் கொடுத்தவர். இன்று நாம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அந்தக் கோடுகளின் முறையை நூலாக விட்டுச் சென்றவர் அவர்தான். பிழை கணக்கில் மட்டும் இருக்கவில்லை. கணக்குக்குள் போட்ட செய்தியிலும் இருந்தது. அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. வந்தவர்களிடம் கேட்டார், அல்லது வந்தவர்களிடம் கேட்டவர்கள் எழுதியதை வாசித்தார்.

வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. உரோமப் பேரரசர் குளோடியஸ் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், செங்கடலில் வரி சேர்க்கிற குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் கப்பலில் போகும்போது காற்றில் அகப்பட்டு 15 நாளில் இலங்கைக் கரையில் ஒதுங்கினார். ஒதுங்கிய துறையின் பெயர் ஹிப்பூரோஸ் என்று பிளினி என்ற உரோம எழுத்தாளர் எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் குதிரையைக் குறிக்கும் சொல் அந்தப் பெயரின் தொடக்கத்தில் இருப்பதால், அது முசலிக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற குதிரைமலைதான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த ஆளோடு இங்கிருந்து நான்கு தூதர்கள் உரோமுக்குப் போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் நாட்டில் 500 பட்டணம் உண்டு என்றார்கள். நடுவில் மெகிஸ்பா என்று ஒரு ஏரி, அதன் சுற்றளவு 375 மைல் என்றார்கள். வவுனிக்குளத்தையும் முத்தையன்கட்டையும் இரணைமடுவையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாலும் அந்தக் குளம் வராது. வெளிநாட்டுக்குப் போன மனிதர் தன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது இன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இல்லை.

இப்படிப்பட்ட செய்திகள் பல வாய்கள் தாண்டி அலெக்சாந்திரியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நமது இமாம்கள் ஒரு செய்தியைப் பார்த்ததும் முதலில் கேட்பது இதுதான்: சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்தார்களா? இந்த அறிவிப்பாளர் வரிசையில் ஒரு கண்ணி அறுந்தால் செய்தி பலவீனமாகிவிடும். பழைய உலகப் படங்களையும் இதே கண்ணால் பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முஸ்லிம் உலகத்தில் தொலமியின் நூல் மிக முன்னரே அறபிக்கு வந்துவிட்டது. பக்தாதில் அல்குவாரிஸ்மி, 833 ஆம் ஆண்டளவில், பூமியின் தோற்றம் பற்றிய தம் நூலில் 2,400க்கு மேற்பட்ட இடங்களை எழுதினார். அல்ஜிப்ராவைத் தந்த அதே அல்குவாரிஸ்மிதான். தொலமியின் படத்தில் இந்து சமுத்திரம் நாலு பக்கமும் நிலத்தால் அடைக்கப்பட்ட ஒரு பெரிய வாவியாக இருந்தது. அல்குவாரிஸ்மி அதைத் திறந்துவிட்டார். பஸ்ராவிலிருந்தும் சிராப்பிலிருந்தும் கிழக்கே கப்பல் ஓட்டியவர்கள் அந்தக் கடலைக் கண்டிருந்தார்கள். அதை வாவி என்று சொல்லிப் பக்தாதில் யாரையும் நம்ப வைக்க முடியாது.

அதன் பிறகு அல்இத்ரீஸி. 1154 இல் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், இரண்டாம் ரோஜர் என்ற கிறிஸ்தவ அரசனுக்காக, ஒரு முஸ்லிம் அறிஞர் உலகப் படம் செய்து முடித்தார். ஏறத்தாழ 15 ஆண்டு வேலை. வெள்ளித் தட்டில் ஒரு பெரிய படம். அதோடு 70 பகுதிப் படங்கள் கொண்ட ஒரு நூல். அந்தப் படங்களில் தெற்கு மேலே இருக்கும். நாம் பார்த்துப் பழகிய மாதிரி வடக்கை மேலே வைக்க வேண்டும் என்று வானத்திலிருந்து ஒரு சட்டமும் இறங்கவில்லை.

அல்இத்ரீஸியின் முறைதான் நமக்கு முக்கியம். பயணிகளைக் கூப்பிட்டுத் தனித்தனியாகவும் சேர்த்தும் விசாரித்தார்கள். எல்லாரும் ஒத்துச் சொன்னதை ஏற்றார்கள். முரண்பட்டதைத் தள்ளினார்கள். இதை நூலின் முன்னுரையே சொல்கிறது. இலங்கையை அவர் ஸரந்தீப் என்கிறார். ஸரந்தீபின் அரசனுக்கு 16 அமைச்சர்கள்: நான்கு பேர் நாட்டவர், நான்கு பேர் கிறிஸ்தவர், நான்கு பேர் முஸ்லிம்கள், நான்கு பேர் யூதர் என்றும் எழுதியிருக்கிறார். அமைச்சரவை அப்படியே இருந்ததோ இல்லையோ, இந்தத் தீவின் துறைகளில் எத்தனை வகை மனிதர்கள் புழங்கினார்கள் என்ற செய்தி பலேர்மோ வரை போயிருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இப்படியான விடயங்களைப் பகிரும்போது "எல்லாவற்றையும் நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று எழுதிவிடுகிறோம். அல்இத்ரீஸியும் ஸரந்தீபை அளவுக்கு மீறிப் பெரிதாகத்தான் வரைந்தார். தொலமியின் பிழை அவரிடமும் ஒட்டிக்கொண்டது. அதேபோல, வாஸ்கோ ட காமாவுக்கு 1498 இல் கோழிக்கோட்டுக்கு வழி காட்டியவர் இப்னு மாஜித் என்ற கதை அடிக்கடி சுற்றுகிறது. இப்னு மாஜித் பெரிய மாலுமி, கடல் நூல்கள் எழுதியவர். ஆனால் அந்த வழிகாட்டி அவர்தான் என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. பலவீனமான அறிவிப்பை நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஸஹீஹ் ஆக்கக் கூடாது அல்லவா?

திரும்ப ஐரோப்பாவுக்கு வருவோம். தொலமியின் நூல் அங்கே 1400களின் தொடக்கத்தில்தான் இலத்தீனுக்கு மாறியது. அல்இத்ரீஸியின் அறபு நூலின் சுருக்கம் உரோமில் அச்சானது 1592 இல். ஆகவே மறுமலர்ச்சிக் காலத்துப் படவரைஞர்கள் பெரும்பாலும் 1,300 ஆண்டு பழைய தொலமியை ஒரு கையிலும், புதிதாகக் கப்பலில் வந்த செய்தியை மறு கையிலும் வைத்துக்கொண்டு தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தில் அகப்பட்டது நமது தீவு.

வெனிஸ் நகரத் துறவி பிரா மௌரோ 1450 ஆம் ஆண்டளவில் ஒரு பெரிய வட்டப் படம் செய்தார். அதிலும் தெற்குதான் மேலே. அவருக்குக் கிடைத்த புதிய செய்திகளில் ஒரு பகுதி நிக்கொலோ தெ கொந்தி என்ற வெனிஸ் வணிகர் மூலம் வந்தது. கொந்தியின் கதையே தனிக் கதை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கிழக்கே திரிந்தவர். வழியில் இஸ்லாத்தைத் தழுவியவர். ஊர் திரும்பியதும் அதற்காகப் பாப்பரசரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அப்போது பாப்பரசரின் செயலாளர் அவருடைய பயணத்தைக் கேட்டு எழுதிவைத்தார். அந்தக் கொந்தி தப்ரபேன் என்ற பெயரைச் சுமாத்திராவுக்குக் கொடுத்துவிட்டார். பிரா மௌரோவும் அப்படியே வரைந்தார். இலங்கை வேறொரு தீவாக, ஸைலம் என்ற பெயரில் தனியாக வந்தது. 1492 இல் மார்ட்டின் பெஹைம் செய்த பூகோள உருண்டையில் தப்ரபேனும் உண்டு, இலங்கையும் உண்டு. ஒரே ஆள் இரண்டு அடையாள அட்டை எடுத்த மாதிரி. 16ஆம் நூற்றாண்டில் செபஸ்தியான் மூன்ஸ்டர் தப்ரபேன் என்று தலைப்புப் போட்டு, அதைச் சுமாத்திரா என்று விளக்கி, பக்கத்தில் பெரிய யானை ஒன்றையும் வரைந்து அச்சிட்டார். யானை சரி. தீவு எது என்பதில்தான் சிக்கல்.

அந்தக் காலத்துப் படவரைஞர்களில் பெரும் பெயர் மேர்கேற்றர். 1512 இல் பிறந்து 1594 இல் இறந்தவர். இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்தவர். அவரும் பெரிய கடற்பயணம் எதுவும் போனவரல்ல. 1544 இல் மதக் கொள்கையில் வழி தவறியவர் என்ற குற்றச்சாட்டில் சில மாதங்கள் சிறையில் இருந்தார். பின்னர் ஜேர்மனியின் டியூஸ்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்து, 1569 இல் மாலுமிகளுக்காக அந்தப் புகழ்பெற்ற உலகப் படத்தை வெளியிட்டார். மேர்கேற்றர் எறியம் என்று புவியியல் புத்தகத்தில் படிக்கிறோமே, அது இதுதான். திசைகாட்டி காட்டுகிற ஒரே திசையில் கப்பல் போனால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு வசதி. ஆனால் துருவங்களுக்குக் கிட்ட இருக்கிற நிலம் எல்லாம் ஊதிப் பெருக்கும். கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல ஏறத்தாழ 14 மடங்கு. தொலமி நம்மைப் பெருப்பித்ததும் 14 மடங்கு என்பது தற்செயல்தான். பிள்ளைகளுக்கு மறக்காமல் இருக்க நல்ல எண்.

மேர்கேற்றரிடம் நாங்கள் மதிப்பது அந்த எறியத்தை விட இன்னொரு வேலையை. 1578 இல் அவர் தொலமியின் படங்களைத் தனி நூலாக வெளியிட்டார். தொலமி சொன்னதில் புதிய செய்தியைக் கலக்கவில்லை. பழையவர் சொன்னது இது, அவ்வளவுதான் என்று பிரித்து வைத்தார். புதிய உலகத்துக்கு வேறு படங்கள். நூற்றாண்டுக்கு மேலாகக் கலந்து குழம்பிக் கிடந்ததை இப்படிப் பிரிப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். யாருடைய சொல் எது என்று தெரிந்தால்தான் எது பிழை என்றும் தெரியும்.

அவர் இறந்த பிறகு ஹொண்டியஸ் என்பவர் மேர்கேற்றரின் செப்புத் தகடுகளை வாங்கி, புதிய படங்களும் சேர்த்து, 1606 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்டார். அந்த அட்லஸில் இலங்கைக்குத் தனிப் படம் உண்டு. இந்தத் தடவை தீவு ஓரளவு தன் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நூற்றாண்டாகப் போர்த்துக்கேயர் நமது கரையைச் சுற்றி வந்ததன் பலன் அது. ஆனால் தலைப்பைப் பாருங்கள்: "உள்ளூரார் தெனாரிசின் என அழைக்கும் சிலோன் தீவு". உள்ளூரார் யார்? ஈழம், இலங்கை, லங்காவ என்று எந்தக் கரையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை, அல்லது கேட்ட இடம் வேறு.

கரை சரியானது. உள்பக்கம்? கப்பலிலிருந்து பார்ப்பவனுக்கு மன்னார் தெரியும், யாழ்ப்பாணம் தெரியும், திருகோணமலை தெரியும். இடையில் இருக்கிற வன்னி தெரியாது. காடும் குளமும் வன்னிபங்களின் ஆட்சியும் உள்ளே இருந்தன. அதை எழுத வேண்டுமானால் யாராவது காலால் நடந்திருக்க வேண்டும்.

நடந்தவர் ஒரு கைதி. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660 இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் இருந்தார். சிறு வியாபாரி போல ஊர் ஊராகத் திரிந்து வழி பழகினார். 1679 இல் ஸ்ரீபன் றட்லண்ட் என்ற நண்பரோடு அனுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவைப் பிடித்து, அதாவது நமது அருவியாற்றைப் பிடித்து, காட்டுக்குள்ளால் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவருடைய நூல் படத்தோடு வெளியானது. கண்டி அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் நடுவில், தமிழர் வாழும் ஒரு நாடு உண்டு, அதை ஆள்பவர் கொயிலட் வன்னியா என்று அதில் எழுதியிருக்கிறார். பனங்காமத்துக் கைலை வன்னியனைத்தான் அவர் அப்படி எழுதினார் என்று கொள்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய வன்னி ஐரோப்பியரின் நூலுக்குள் வந்தது, பிடிபடாமல் தப்பி ஓடிய ஒருவர் அதன் தெற்கு, மேற்கு விளிம்பால் போனதனால். ஆட்களின் குரல் கேட்டால் ஒளிந்துகொண்டு போனவர் அவர். பகலில் வந்து குடிசை முற்றத்தில் உட்கார்ந்து, இந்தக் குளத்தின் பெயர் என்ன ஐயா என்று கேட்கும் நிலையில் இருக்கவில்லை. அவர் மேல் குறை சொல்ல இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் பெரும்பாலும் நேர்மையாகவே எழுதினார். ஆனால் அவருடைய அறிவிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் தெரிந்து வாசிக்க வேண்டும்.

ஒல்லாந்தர் வன்னியைக் கணக்கெடுத்ததற்குக் காரணம் யானை. வன்னியர்கள் திறையாகக் கொடுக்க வேண்டிய யானைகள் எத்தனை, யார் எத்தனை பாக்கி என்ற கணக்குகளோடுதான் பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, தென்னமரவடி ஆகிய பெயர்கள் அவர்களுடைய பதிவுகளில் வருகின்றன. எதற்காகக் கேட்கிறார்களோ அதுதான் படத்தில் விழும்.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை நன்றாக மாறியது. 1800 இல் நிலவளவைத் திணைக்களம் தொடங்கியது. 1895 இல் ஜே.பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலை வெளியிட்டார். பழைய ஊர்களையும் குளங்களையும் தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். பிறகு ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் தேசப்படத் தாள்கள் வந்தன. இவற்றை வரைந்த அளவையாளர்கள் உண்மையிலேயே நடந்தார்கள். சின்னச் சின்னக் குளங்களுக்கும் பெயர் உண்டு. பல குளங்களுக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டது என்ற சுருக்கக் குறியும் உண்டு. நீர் வற்றி, கட்டு உடைந்து, ஆட்கள் போனபின் மிஞ்சியது அந்தப் பெயர் மட்டும். ஆனாலும் பெயர் மிஞ்சியது.

இனிச் சொல்லப் போவது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009 இல் போர் முடிந்தபோது வன்னித் தமிழ் மக்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் மரம். மேலேயிருந்து எடுத்த படத்தில் அது காடு. படம் பொய் சொல்லவில்லை. 20 ஆண்டு ஆளில்லாத வளவு மேலேயிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். ஆனால் அந்த மரங்களுக்கு அடியில் கட்டுக் கிணறு இருக்கிறது, பள்ளிவாசல் அத்திவாரம் இருக்கிறது, மையவாடி இருக்கிறது என்பதை மேலேயிருந்து எடுத்த படம் எப்படிச் சொல்லும்? முசலிப் பக்கம் 2012 இலும் 2017 இலும் வர்த்தமானி மூலம் காடாக அறிவிக்கப்பட்ட நிலங்கள் பற்றி எழுந்த சர்ச்சையும் இதுதான். மக்கள் எங்கள் பழைய ஊர் என்றார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்றவர்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள். விடயம் நீதிமன்றம் வரை போனது. காடும் நமக்கு வேண்டும். அது இல்லாமல் குளத்துக்குத் தண்ணீர் வராது. ஆனால் எது காடு, எது காடாகிப்போன ஊர் என்று பிரிக்க, அங்கே வாழ்ந்தவரின் சாட்சியம் வேண்டும்.

அந்தச் சாட்சிகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். 1990 இல் 30 வயதாக இருந்தவருக்கு இன்று 60 தாண்டிவிட்டது. அவருடைய வாப்பாமார் பெரும்பாலும் போய்விட்டார்கள். உறுதிகளும் அனுமதிப் பத்திரங்களும் பலரிடம் இல்லை. ஓடும்போது எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

ஆகவே இந்தத் தவணை எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, பழைய ஊரின் படம் ஒன்று வரைய வேண்டும். அளவுத்திட்டம் தேவையில்லை, அழகும் தேவையில்லை. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாப்பும்மா பள்ளிவாசலிலிருந்து தொடங்கினால் பள்ளிவாசல் நடுவில் வரட்டும். கிணறு, குளம், வாய்க்கால், மையவாடி, பெரிய புளியமரம், தமிழ்க் குடும்பங்கள் இருந்த ஒழுங்கை, கோயில், எல்லாம் வேண்டும். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் அங்கே என்ன நடந்தது என்று ஒரு சொல். இரண்டு பேர் ஒரே ஊரை வேறுவேறாக வரைந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆளிடமும் கேட்போம்.

பெற்றோர் சிலர், பிள்ளைகள் கொண்டுவரும் படத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கிறார்கள். புள்ளி படத்துக்கு இல்லை. தாளின் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி வரையச் சொல்லியிருக்கிறோம். சொன்னவர் யார், அவர் அந்த ஊரில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார், சொன்னது கண்ணால் கண்டதா, கேட்டதா என்று அதற்குள் எழுத வேண்டும். புள்ளி அந்தப் பெட்டிக்குத்தான்.